நித்திரை வராத இரவுகள்: குளிசைக்கு முன் கேட்க வேண்டிய ஒரு சிகிச்சை



சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடல்களில் சுகாதாரப் பகுதிக்காக நாம் கேள்விகளைச் சேகரிப்பது வழக்கம். நீரிழிவுக்கும் முழங்கால் நோவுக்கும் அடுத்ததாக வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இரவிலை நித்திரை வருகுதில்லை, என்ன செய்யலாம்?" கேட்பவர்கள் முதியவர்கள் மட்டுமல்ல. அவர்களைக் கூட்டிவந்த மகளும், வெளியே காரில் காத்திருந்த மருமகனும் மெல்ல அருகில் வந்து அதையே கேட்கிறார்கள். அத்தோடு, "நல்ல குளிசை ஏதும் இருக்குதோ?" என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

குளிசையைப் பற்றிப் பின்னர் பேசுவோம். அதற்கு முன், எம்மவர் பலர் கேள்விப்பட்டேயிராத ஒரு சிகிச்சையை இந்த இதழில் அறிமுகம் செய்கிறோம். தமிழில் இதனை நித்திரையின்மைக்கான அறிகை நடத்தைச் சிகிச்சை எனலாம். குடும்ப வைத்தியரிடம் கேட்கும்போது "சி.பி.ரி. ஃபோர் இன்சொம்னியா" என்று கேளுங்கள், அவருக்கு விளங்கும். அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட நித்திரையின்மை உள்ள வளர்ந்தோருக்கு முதலில் கொடுக்க வேண்டியது குளிசை அல்ல, இந்தச் சிகிச்சையே என்று கூறுகிறது. ஐரோப்பிய வழிகாட்டிகளும் 2017இலும் 2023இலும் அதையே கூறின. அப்படியிருந்தும் நித்திரை இல்லையென்று வைத்தியரிடம் போனவர்களில் பலர் மருந்துச் சீட்டோடுதான் திரும்பி வருகிறார்கள். பத்து நிமிடச் சந்திப்பில் சீட்டு எழுதுவது வைத்தியருக்கும் இலகு, வாங்கிக்கொண்டு வருவது எமக்கும் இலகு.

இது உளவியல் சிகிச்சை என்றவுடன், "எனக்கென்ன விசரோ?" என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தப் பயம் வேண்டாம். இதில் யாரும் உங்கள் இளமைக் காலத்தைக் கிளறப் போவதில்லை. குடும்பக் கதையைச் சொல்லச் சொல்லியும் கேட்க மாட்டார்கள். ஒரு கொப்பி, ஒரு பேனா, சிறிது கணக்கு, நிறையப் பிடிவாதம். நாலு முதல் எட்டுச் சந்திப்புகளில் பொதுவாக முடிந்துவிடும்.

எது நாட்பட்ட நித்திரையின்மை?

பரீட்சைக்கு முதல்நாள் இரவும், ஊரில் ஒருவர் தவறிப்போன செய்தி வந்த வாரமும் நித்திரை கெடுவது இயல்பு. கிழமைக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாவது, நித்திரைக்கு வேண்டிய நேரமும் வசதியும் இருந்தும் அது வராமலோ இடையில் முறிந்தோ போய், பகல் வாழ்க்கையும் பாதிக்கப்பட்டால்தான் வைத்தியர்கள் அதனை நாட்பட்டது என்பார்கள். இரண்டு வேலை செய்து ஐந்து மணி நேரம் மட்டும் படுக்கக் கிடைப்பவருக்கு இருப்பது வேறு பிரச்சினை. அவருக்குத் தேவை நேரம், சிகிச்சை அல்ல.

குறுகிய கால நித்திரைக்கேடு ஏன் சிலருக்கு மட்டும் வருடக் கணக்காக நீள்கிறது? அமெரிக்க உளவியலாளர் ஆதர் ஸ்பீல்மன் 1987இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். சிலர் இயல்பாகவே இலேசாக விழித்துவிடும் தன்மையுள்ளவர்கள். அவர்களுக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு அடி விழுகிறது, நித்திரை கெடுகிறது. அதற்குப் பிறகு, கெட்ட நித்திரையை ஈடுசெய்ய அவர்கள் செய்யும் காரியங்களே அதனைத் தொடரச் செய்கின்றன. அடி ஆறிப்போன பின்னும் இந்த மூன்றாவது பகுதி நின்றுவிடாது. சிகிச்சை கை வைப்பதும் அந்த இடத்தில்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் அக்காவை அறிமுகம் செய்கிறோம். பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து நாம் உருவாக்கிய ஒருவர் இவர், ஆகவே யாரும் தம்மை இவரில் தேட வேண்டாம். வயது 61. 1990களில் கனடாவுக்கு வந்தவர். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தார். ரொறன்ரோவில் இரவு என்றால் வன்னியில் பகல், செய்தி வருவதெல்லாம் இரவில்தான். அன்று கெட்டது நித்திரை. போர் முடிந்தது, துக்கமும் ஓரளவு ஆறியது, தொலைபேசி மட்டும் தலையணையை விட்டுப் போகவில்லை. இன்று அதில் வருவது வட்ஸ்அப்.

இவர் இப்போது இரவு 9 மணிக்கே படுக்கப் போகிறார். "நேரத்தோடை போய்ப் படுங்கோ அம்மா, அப்பதான் கொஞ்சமாவது நித்திரை கொள்ளலாம்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். 11 மணிவரை புரள்கிறார். 2 மணிக்கு விழித்து மணிக்கூட்டைப் பார்க்கிறார், 3 மணிக்கும் பார்க்கிறார். விடியப்புறம் அயர்ந்து, 7 மணிக்குக் கட்டிலை விட்டு எழும்புகிறார். மத்தியானம் சோபாவில் ஒரு மணித்தியாலம் சாய்கிறார். "நித்திரை இல்லை, ஏலாது" என்று வெள்ளிக்கிழமைக் கோயிலையும் விட்டுவிட்டார். இரவில் அரைக் குளிசை முழுக் குளிசையாகியிருக்கிறது.

இவற்றில் ஒன்றாவது முட்டாள்தனமான செயல் அல்ல. பசித்தவர் சாப்பாட்டைத் தேடுவதுபோல நித்திரை இல்லாதவர் நித்திரையைத் தேடுகிறார். ஆனால் நித்திரை தேடிப் பிடிக்கக்கூடிய பொருளாக இல்லை. பிள்ளைகள் அன்போடு சொல்லும் "நேரத்தோடை போய்ப் படுங்கோ" என்ற புத்திமதிதான் இந்த நோய்க்கு ஊற்றும் எண்ணெய்.

உடலில் நடப்பது என்ன?

நித்திரையை இரண்டு விடயங்கள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் சேர்ந்துகொண்டே போகும் நித்திரைப் பசி. மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்வதும் இதற்கு ஒரு காரணம். கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் அந்த அடினோசினின் வேலையை மறிக்கிறது. குடித்த கஃபீனில் பாதி கழிவதற்கே சுமார் ஐந்து மணித்தியாலம் செல்லும். மாலை 5 மணிக்கு ரிம் ஹோட்டன்ஸில் வாங்கிய பெரிய கோப்பியில் பாதி இரவு 10 மணிக்கும் உங்களோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றையது, மூளைக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம். காலை வெளிச்சமும் தினமும் ஒரே நேரத்தில் எழும்புவதும்தான் அதற்குச் சாவி கொடுப்பவை.

மத்தியானம் சாய்ந்தால் நித்திரைப் பசி கெட்டுவிடுகிறது, பின்னேரம் பலகாரம் தின்றவர் இரவுச் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருப்பதுபோல. சனி ஞாயிறுகளில் 10 மணிவரை படுத்தால் கடிகாரம் பிந்திப்போகிறது. இவை இரண்டுக்கும் மேலாக மூன்றாவது ஒன்றும் உண்டு. மாதக் கணக்காக ஒருவர் கட்டிலில் விழித்துக் கிடந்து கவலைப்பட்டால், அந்தக் கட்டிலே விழிப்புக்கு அடையாளமாகிவிடும். ஹோலில் தொலைக்காட்சிக்கு முன் தூங்கி விழுந்தவர் அறைக்குப் போய்த் தலையைச் சாய்த்ததும் கண் பளிச்சென்று திறந்துவிடுகிறது என்றால், காரணம் இதுதான்.

நாட்குறிப்பும் கணக்கும்

சிகிச்சையின் முதல் வேலை நாட்குறிப்பு. ஒன்று அல்லது இரண்டு கிழமைகளுக்குத் தினமும் காலையில், எத்தனை மணிக்குப் படுத்தோம், ஏறக்குறைய எவ்வளவு நேரத்தில் நித்திரை வந்தது, இடையில் மொத்தமாக எவ்வளவு நேரம் விழித்திருந்தோம், எத்தனை மணிக்குக் கட்டிலை விட்டு எழும்பினோம் என்று எழுத வேண்டும். பகல் நித்திரை, கோப்பி, மது, குளிசை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இரவில் மணிக்கூட்டைப் பார்த்து எழுத வேண்டாம், காலையில் மனதுக்குப் பட்டதை எழுதினால் போதும். மணிக்கூட்டையே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். "இப்ப மூன்று மணி, இன்னும் நாலு மணித்தியாலம்தான் இருக்கு" என்று கணக்குப் பார்ப்பதைப்போல நித்திரையைத் துரத்தும் வேலை வேறில்லை.

நாம் சொன்ன அக்காவின் நாட்குறிப்பு இப்படி வருகிறது. கட்டிலில் இருந்தது 10 மணித்தியாலம். நித்திரை கொண்டது சராசரி ஐந்தரை மணித்தியாலம். அதாவது படுக்கை நேரத்தில் 55 சதவீதம்தான் நித்திரை, மிச்சம் நாலரை மணித்தியாலமும் இருட்டில் கண் விழித்துக் கிடந்தது. ஸ்பீல்மனின் முறைப்படி சிகிச்சையாளர் சொல்லப்போவது இதுதான்: "நீங்கள் ஐந்தரை மணித்தியாலம் நித்திரை கொள்கிறீர்கள். ஆகவே ஐந்தரை மணித்தியாலம் மட்டும் கட்டிலில் இருங்கள். காலை 6 மணிக்கு எழும்ப வேண்டும். இரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது."

முதல் தடவை வாசித்தபோது எமக்கும் இது கொடுமையாகத்தான் பட்டது. நித்திரை இல்லையென்று வந்தவரிடம் நித்திரைக்கான நேரத்தையே குறைப்பதா? ஆனால் குறைப்பது விழித்துக் கிடக்கும் நேரத்தை. சில நாட்களில் நித்திரைப் பசி ஏறுகிறது, படுத்ததும் நித்திரை வருகிறது, முறிவுகள் ஒட்டிக்கொள்கின்றன. சில சிகிச்சையாளர்கள் அரை மணித்தியாலம் கூட்டிக் கொடுப்பார்கள். எவ்வளவு குறைவாக நித்திரை கொள்பவருக்கும் 5 மணித்தியாலத்துக்குக் கீழே போக விடமாட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து மீண்டும் கணக்கு. ஐந்தரை மணித்தியாலத்தில் 4 மணி 50 நிமிடம் நித்திரை கொண்டிருந்தால் அது 88 சதவீதம். 85 சதவீதத்தைத் தாண்டினால் பரிசு 15 நிமிடம், பன்னிரண்டேகாலுக்குப் படுக்கலாம். 80க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறைப்பார்கள். இடையில் என்றால் அப்படியே விடுவார்கள். இப்படிக் கிழமைக்குக் கிழமை சிறுகச் சிறுகக் கூட்டி, பகலில் நன்றாக இயங்கக்கூடிய அளவு வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். எழும்பும் நேரம் மட்டும் மாறாது. திங்களும் ஞாயிறும் அதற்கு ஒன்றுதான், கலியாண வீட்டுக்குப் போய் இரவு ஒரு மணிக்கு வந்த மறுநாளும் அதே நேரம்தான்.

முதல் இரண்டு கிழமைகள் கடினமானவை என்பதை மறைக்க மாட்டோம். பகலில் கண் சொருகும், எரிச்சல் வரும். பலர் விட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான். இந்த நாட்களில் 401ஆம் நெடுஞ்சாலையில் தூங்கி வழிந்துகொண்டு கார் ஓட்டக் கூடாது. நித்திரை தூங்கினால் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரவு பன்னிரண்டரைவரை விழித்திருப்பதும் இலகுவல்ல. "அம்மா ஏன் இன்னும் படுக்கேல்லை?" என்று வீட்டார் குழம்பாமல் இருக்க, அவர்களுக்கும் விடயத்தை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

கட்டிலை விட்டு எழும்புதல்

இரண்டாவது பகுதியை றிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972இல் வகுத்தார். கட்டில் நித்திரைக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டுமே. வாசிப்பது, தொலைபேசி பார்ப்பது, கணக்கு வழக்குப் பேசுவது எல்லாம் வேறிடத்தில். நித்திரை தூங்கும்போது மட்டுமே படுக்கப் போக வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலுப்பு வேறு, நித்திரை வேறு. எட்டு மணித்தியாலம் தொழிற்சாலையில் நின்றவருக்கு உடல் அலுத்திருக்கும், கண் சொக்காது. கண் சொக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

படுத்து ஏறக்குறைய 15, 20 நிமிடத்தில் நித்திரை வராவிட்டால், அல்லது மனம் எரிச்சல்படத் தொடங்கினால், எழும்பி வேறு அறைக்குப் போய் அமைதியாக ஏதாவது செய்துவிட்டு, நித்திரை தூங்கும்போது திரும்பி வர வேண்டும். மீண்டும் வராவிட்டால் மீண்டும் எழும்ப வேண்டும். முதல் இரவில் நாலைந்து தடவை எழும்புபவர்களும் உண்டு.

எம்முடைய வீடுகளில் இது எவ்வளவு சிக்கல் என்பது எமக்குத் தெரியும். மாசி மாதக் குளிரில் போர்வையை விட்டு யார் எழும்புவது? பேஸ்மென்ற்றில் ஒற்றை அறையில் இருப்பவர் எங்கே போவது? பேரப்பிள்ளையோடு ஒரே அறையில் படுக்கும் அம்மம்மா விளக்கைப் போடலாமா? ஆகவே மாலையிலேயே ஆயத்தம் செய்யுங்கள். ஒரு கதிரை, அதன்மேல் ஒரு கம்பளி, மங்கலான ஒரு மேசை விளக்கு, ஒரு பழைய சஞ்சிகை அல்லது தேவாரப் புத்தகம் அல்லது செபமாலை. வேறு அறை இல்லாவிட்டால் அதே அறையின் மூலையில் கதிரையைப் போடலாம். கட்டிலை விட்டு இறங்குவதுதான் முக்கியம். தள்ளாடும் முதியவர்கள் இருட்டில் மாடிப்படி இறங்க வேண்டாம், கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையே போதும். ஊர்ச் செய்தியும் வட்ஸ்அப்பும் கூடாது. அங்கே பகல் நடப்பதால் உங்கள் நடுச்சாமத்தில்தான் குடும்பக் குழுக்கள் உற்சாகமாக இருக்கும். ஒலியை நிறுத்தி தொலைபேசியை ஹோலில் வைத்துவிட்டுப் படுங்கள். அவசரத்துக்கு என்று ஒருவருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ள இப்போதைய தொலைபேசிகளில் வசதி உண்டு, பிள்ளைகளிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

பகல் நித்திரையும் கூடாது என்பதே விதி. மிகவும் முதியவர்களுக்கு மத்தியானத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேற்படாத ஓய்வைச் சில சிகிச்சையாளர்கள் அனுமதிப்பதுண்டு.

மனதில் ஓடும் கணக்குகள்

"எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளாவிட்டால் பிறஷர் வந்துவிடும்." "இன்றைக்கும் நித்திரை இல்லையென்றால் நாளைக்கு வேலைக்குப் போகேலாது." இந்த எண்ணங்கள் இரவு இரண்டு மணிக்கு வந்தால் இதயம் படபடக்கும், படபடக்கும் இதயத்தோடு நித்திரை வராது. எம்மைப் போன்ற சுகாதாரப் பக்கங்களும் எட்டு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று எழுதி இந்தப் பயத்துக்கு உரம் போட்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆளுக்கு ஆள் தேவை மாறும். வயது போகப் போக நித்திரை இலேசாவதும் இரவில் ஓரிரு தடவை விழிப்பதும் இயல்பானவை.

சிகிச்சையாளர் இந்த எண்ணங்களைப் பொய் என்று சொல்லிவிடமாட்டார். சோதித்துப் பார்க்கச் சொல்வார். நித்திரை கெட்ட எத்தனை நாட்களில் உண்மையாகவே வேலைக்குப் போக முடியாமல் போனது? நாட்குறிப்பைப் புரட்டினால், மோசமான இரவுக்குப் பின்னும் சமைத்திருக்கிறோம், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டிருக்கிறோம், சிரித்தும் இருக்கிறோம் என்பது தெரியவரும். நாம் சொன்ன அக்காவிடம், நித்திரை வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகச் சொல்வார்கள். பகலைக் குறுக்கிக்கொண்டே போனால் இரவுதான் பெரிதாகும்.

மகளின் திருமணம், வீட்டுக் கடன், ஊரில் தனியே இருக்கும் தமக்கை போன்ற உண்மையான கவலைகளுக்கு வேறு வழி சொல்கிறார்கள். மாலை 6, 7 மணியளவில் சாப்பாட்டு மேசையில் 15 நிமிடம் இருந்து, ஒரு கொப்பியில் இடப்பக்கம் கவலையையும் வலப்பக்கம் அதற்கு நாளை செய்யக்கூடிய அடுத்த சிறு காரியத்தையும் எழுத வேண்டும். செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றால் "ஒன்றுமில்லை" என்றே எழுதலாம். இரவில் அதே கவலை வந்தால், அது கொப்பியில் இருக்கிறது, நாளை மாலை அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது.

போரின் இரவுகள்

எம்மவர் சிலருக்கு இரவு என்பதே காவல் நேரம். ஷெல் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும் என்று ஒரு காலத்தில் பழகிய உடல், அமைதியான ஸ்காபரோ வீதியிலும் காதைத் தீட்டிக்கொண்டே படுக்கிறது. இவர்களிடம் கட்டிலை விட்டு எழும்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மனவடு நோய் இருந்தால் அதற்கான சிகிச்சையும் வேண்டும். அதேவேளை, நித்திரைக்கான இந்தச் சிகிச்சைக்காக நடந்தவற்றை மீண்டும் சொல்லத் தேவையில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வாய் திறக்க விரும்பாத பலருக்கு இது ஒரு வாசலாக இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு வருபவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி உண்டு. பகலில், பாதுகாப்பான நேரத்தில், அந்தக் கனவின் முடிவைத் தாம் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடங்கள் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு இதைச் செய்வது நல்லது.

இனிக் குளிசைக்கு வருவோம்

லோராசெபாம், சோபிக்லோன் போன்றவை இங்கே அதிகம் எழுதப்படுபவை. காலையில் வாயில் கசப்புச் சுவை என்று முறையிடுபவர்கள் பெரும்பாலும் சோபிக்லோன் எடுப்பவர்கள். மறுநாள் காலை கார் ஓட்டுவதற்கும் கவனத்துக்கும் இடையூறு ஏற்படுவதால், சோபிக்லோனைத் தொடங்கும் அளவை 3.75 மில்லிகிராமாகக் குறைக்கும்படி கனேடிய சுகாதார அமைச்சு 2014இல் அறிவித்தது. முதியவர்களில் இந்தக் குளிசைகள் தடுமாற்றத்தையும் மறதியையும் கூட்டுகின்றன. இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டின் வாழ்க்கையே மாறிவிடும். கடையில் சீட்டில்லாமல் வாங்கும் "நைற் ரைம்" குளிசைகளும் பெனட்ரில், கிறவோல் வகைகளும் முதியவர்களுக்கு உகந்தவை அல்ல. ஒரு பெக் அடித்தால் நித்திரை வரும் என்பவர்களுக்கு: வரும், பின்னிரவில் அதே மது நித்திரையை முறிக்கும்.

இதை வாசித்துவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்திவிட வேண்டாம். நாட்பட எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் நித்திரையின்மை முன்னரைவிட மோசமாகத் திரும்பும், சில குளிசைகளில் வலிப்பும் வரக்கூடும். வைத்தியரோடு பேசி, கிழமைக் கணக்காகவோ மாதக் கணக்காகவோ சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். கியூபெக்கின் லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மொறினும் குழுவினரும் 160 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் குளிசையும் சிகிச்சையும் சேர்த்து எடுத்து, பின்னர் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே குளிசையை நிறுத்தியவர்களே நீண்ட காலத்தில் நன்றாக இருந்தார்கள்.

யார் பொறுக்க வேண்டும்?

பெரிதாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவர்கள் முதலில் நித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். இதைக் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் படுப்பவர்தான். இரவில் கால் உளைந்து அசைக்காமல் இருக்க முடியாதவர்கள் இரத்தத்தில் இரும்புச் சத்தின் சேமிப்பைப் பார்க்கும்படி கேளுங்கள். கட்டுப்படாத நீரிழிவால் சலத்துக்கு நாலு தடவை எழும்புபவரின் நித்திரைக்கு மருந்து, சீனியைக் கட்டுப்படுத்துவது. வலிப்பு நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும், அடிக்கடி விழும் முதியவர்களும், பாரவூர்தி ஓட்டுபவர்களும், இயந்திரங்களில் வேலை செய்பவர்களும் படுக்கை நேரத்தைக் குறைக்கும் பகுதியைத் தாமாகச் செய்யக் கூடாது. இரவு வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன அட்டவணை அப்படியே பொருந்தாது, சிகிச்சையாளரோடு சேர்ந்து மாற்றியமைக்க வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இந்தச் சிகிச்சைக்குப் பின் நித்திரை வருவதற்கான நேரம் சராசரி 19 நிமிடம் குறைந்தது. இடையில் விழித்திருக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது. மொத்த நித்திரை கூடியது சுமார் 8 நிமிடம்தான். "இவ்வளவு பாடுபட்டு எட்டு நிமிடமோ?" என்று கேட்கலாம். நித்திரை இல்லாதவரிடம் கேட்டுப் பாருங்கள், அவரை வாட்டுவது நித்திரையின் நீளமல்ல, இருட்டில் விழித்துக் கிடக்கும் நேரம் என்பார். நாம் சொன்ன அக்காவுக்கு எல்லாம் நன்றாகப் போனால், இரண்டு மூன்று மாதத்தில் பதினொன்றேகாலுக்குப் படுத்து 6 மணிக்கு எழும்பக்கூடும். அதில் 6 மணித்தியாலம் நித்திரை என்றால், முன்னரைவிட அரை மணித்தியாலம்தான் கூட. விழித்துக் கிடப்பதோ நாலரை மணித்தியாலத்திலிருந்து முக்கால் மணித்தியாலமாக இறங்கியிருக்கும்.

எங்கே பெறலாம்?

குடும்ப வைத்தியரிடம் தொடங்குங்கள். இச்சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் அல்லது பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளரைப் பரிந்துரைக்கும்படி கேளுங்கள். தனியார் உளவியலாளரின் கட்டணத்தை ஒன்ராறியோ அரச காப்புறுதி கொடுப்பதில்லை. உங்கள் அல்லது பிள்ளைகளின் வேலைத்தலக் காப்புறுதியில் உளவியலாளருக்கென ஒரு தொகை இருக்கிறதா என்று பாருங்கள், பலர் இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். இலவசமாக வேண்டுமென்றால், அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களம் வெளியிட்ட "இன்சொம்னியா கோச்" என்ற செயலி யாரும் பயன்படுத்தக்கூடியது. கனடாவில் உருவான "ஸ்லீப்வெல்" என்ற திட்டத்தின் கைநூல்கள், நீண்ட காலம் நித்திரைக் குளிசை எடுத்துவந்த நியூ பிறன்ஸ்விக் முதியவர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. 2024இல் வெளிவந்த ஆய்வின்படி, கைநூல் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடக் கூடுதலாகக் குளிசையை நிறுத்தினார்கள். வாசிக்க விரும்பும் இளையவர்கள், கொலீன் கார்ணியும் றேச்சல் மான்பரும் எழுதிய "குட்நைற் மைன்ட்" என்ற நூலை நூலகத்தில் கேட்கலாம். கார்ணி ரொறன்ரோவில் பணியாற்றும் உளவியலாளர்.

இவை ஆங்கிலத்தில் இருப்பதுதான் எமது முதியவர்களுக்கு இடர். ஆகவே மகனோ மகளோ காலையில் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்து நாட்குறிப்பை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நிரப்பும்போது "இவ்வளவுதான் நித்திரை கொண்டீங்களோ?" என்று கேட்க வேண்டாம். சொன்னதை எழுதிவிட்டுத் தேநீரைக் கொடுங்கள். கிழமை முடிவில் கணக்கை அவரே பார்க்கட்டும்.